துருவப் பயணமும் சிறு துளையும்

வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாக வைத்துத் தமிழ் வழங்கும் நிலத்தை வரையறுத்தனர் நம் முன்னோர். வேங்கடத்துக்கு வடக்கே வேறு மொழி பேசும் மக்கள் வாழ்வதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். குமரிக்குத் தெற்கே கடல் இருந்தது. அக்கடலுக்கும் அப்பால் இருப்பது யாது என்னும் வினாவுக்கு, 1820ஆம் ஆண்டில் உறைபனிக் கண்டம் முதன்முதலாக மாந்தர் கண்ணில் படும்வரை, உலகம் விடை அறியவில்லை.

குமரிமுனையிலிருந்து நேர் தெற்காக ஒரு கோடு இழுப்போமாயின், அக்கோடு ஆம்ஸ்டர்டாம் என்னும் சிறு தீவை ஒட்டிச் செல்லும். வழியில் ஏறத்தாழ எல்லாம் கடலே. ஏறத்தாழ 8,600 கிலோமீட்டர் கடந்தபின் அக்கோடு அண்டார்க்டிகாவின் கரையைத் தொடும். தொடும் இடத்துக்குச் சற்று மேற்கே, லார்ஸ்மன் குன்றுகள் என வழங்கும் பாறைநிலத்தில், 2012ஆம் ஆண்டு முதல் இந்திய நாட்டின் ஆய்வு நிலையம் ஒன்று இயங்கி வருகின்றது. அதன் பெயர் ‘பாரதி’. தமிழர் செவிக்கு அப்பெயர் இனிதாக ஒலிப்பதில் வியப்பில்லை.

பட்டு நெய்யும் சேவூரில் இருந்துகொண்டு பனி மூடிய துருவத்தைப் பற்றி எழுதுவானேன் என வினவுவார் இருக்கலாம். கோடையில் நிழல் தேடி ஒதுங்கும் நமக்கும், 1983ஆம் ஆண்டு சூலையில் சுழியத்துக்குக் கீழே 89.2 பாகை செல்சியசு குளிர் பதிவான அந்நிலத்துக்கும் என்ன உறவு? உறவு உண்டு என்பதே நம் கருத்து. துருவப் பயணத்தை வீரச் செயலாக மட்டுமே நம் பாடநூல்கள் காட்டி வந்துள்ளன. அப்பயணங்களின் வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு வேறோர் உண்மை புலப்படும். வீரம் குறைந்ததால் அங்கே மாண்டவர் அரியர். புறப்படுமுன் வீட்டிலேயே கண்டிருக்க வேண்டிய ஒரு சிறு குறையைக் காணாமையாலும், கண்டு சொன்னவர் சொல்லைக் கேளாமையாலும் மாண்டவரே பலர். இவ்வுண்மையை நெசவூர் ஒன்று பிற ஊர்களைவிட எளிதில் உணரும்.

பயணம் தொடங்கும் இடம்

தொலைப் பயணத்துக்குத் திட்டமிடுதல் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. கி.பி. 921ஆம் ஆண்டில் பக்தாது நகரிலிருந்து, கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் ஒருவராக, வோல்கா ஆற்றங்கரைப் பல்கர் நாட்டை நோக்கிப் புறப்பட்டவர் இப்னு ஃபள்லான். அந்நாடு துருவம் அன்று. எனினும் கோடையில் இரவு சுருங்கி, இரவுத் தொழுகையை முடிக்குமுன்னரே விடியல் வந்துவிடும் வடநாடு. அவர் எழுதிவைத்த குறிப்பு இன்றும் உலக அறிஞரால் போற்றப்படுகின்றது.

அக்குறிப்பில் நம் நெஞ்சைக் கவர்வது அவர் கண்ட காட்சிகளினும் அவர் செய்த முன்னேற்பாடே ஆகும். குவாரிசும் நாட்டின் ஜுர்ஜானிய்யா நகரில் ஆறு உறைந்து கிடந்த குளிர்காலம் முழுவதும் அவர் குழு காத்திருந்தது. பயணத்துக்கு உரிய ஒட்டகங்களை வாங்கியது. ரொட்டி, தினை, உலர்த்திய இறைச்சி ஆகியவற்றை மூன்று மாதங்களுக்குச் சேமித்தது. அந்நகரத்தார் சொற்கேட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அவர்கள் அணிந்த உடைகளின் சுமையால் ஒட்டகத்தின்மீது அமர்ந்தபின் அசையவும் இயலவில்லையாம். உடன்வந்தோருள் சிலர் அச்சுற்று அந்நகரிலேயே தங்கிவிட்டனர். உள்ளூரார் அறிவுரையை ஏற்றுத் தம் தலைநகரப் பெருமையை ஒதுக்கிவைத்தமையால் மற்றவர்கள் சென்று சேர்ந்தனர்.

நம் மூத்தோர்க்கு இதைவிட அண்மையான சான்றும் உண்டு. 1995ஆம் ஆண்டு வரை பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ்ஜுக் கப்பல்கள் சென்றன. அக்காலத்தில் புனிதப் பயணம் மேற்கொண்டோர் முதலில் கடன்களைத் தீர்த்தனர். உற்றாரிடமும் பகைவரிடமும் பொறுத்தருள வேண்டினர். அரிசி, பருப்பு முதல் கஃபன் துணி வரை எண்ணி எடுத்துக் கட்டினர். கப்பல் ஏறுமுன்னரே பயணத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்புவதா, கட்டிவைத்து நம்புவதா எனக் கேட்டவரை நோக்கி, முதலில் அதனைக் கட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை அறியாதார் நம்முள் இல்லை. முன்னேற்பாடு நம்பிக்கைக்கு மாறானதன்று. நம்பிக்கையின் ஒரு கூறே ஆகும்.

பட்டுக் கூண்டின் கதை

பட்டைத் தொழிலாகக் கொண்ட ஊரார் கட்டாயம் அறியவேண்டிய துருவப் பயணம் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஆந்திரே, வடதுருவத்தை வான்வழியே அடையத் திட்டமிட்டார். ஹைட்ரஜன் நிரப்பிய பெருங்கூண்டு ஒன்றைப் பாரிசு நகரில் செய்வித்தார். அதன் பெயர் ‘கழுகு’. அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஆஸ்கரும், பின்னாளில் பரிசால் பெயர்பெற்ற ஆல்ஃபிரடு நோபெலும் பொருளுதவி செய்தனர். அக்கூண்டு எதனால் ஆனது? சீனப் பட்டினால் ஆனது. மெருகெண்ணெய் பூசிய பட்டுத் துண்டுகளைப் பல அடுக்காக வைத்துத் தைத்து அதனை உருவாக்கினர்.

பட்டு குறையற்றது. குறை தையலில் இருந்தது. ஊசி சென்ற வழியெல்லாம் துளை. அத்தகைய துளைகள் ஏறத்தாழ 80 இலட்சம் இருந்தன என்பர். அவற்றின்மேல் பட்டுப் பட்டைகளை ஒட்டியும் பூச்சுப் பூசியும் வளி கசிவது நிற்கவில்லை. 1896ஆம் ஆண்டுக் கோடையில், புறப்பாட்டுக்குக் காற்று வாய்க்காமல் குழு காத்திருந்த நாட்களில், குழுவினருள் ஒருவரும் வானிலை அறிஞருமான எக்ஹோம் என்பார் அக்கசிவை முறையாக அளந்தார். முப்பது நாட்கள் வானில் நிற்கும் என ஆந்திரே கூறிய கூண்டு பதினேழு நாட்களுக்கு மேல் நில்லாது எனக் கணக்கிட்டுச் சொன்னார். தலைவர் செவிசாய்க்கவில்லை. அவர் பிறர் அறியாமல் கூண்டில் மேலும் மேலும் வளி நிரப்பச் செய்து, கசிவின் அளவை மறைத்துவந்தார் என்பதும் பின்னர் எக்ஹோமுக்குத் தெரியவந்தது. அவர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

அவருடைய இடத்துக்கு வேறோர் இளைஞர் வந்தார். 1897ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளிலிருந்து மூவர் பறந்தனர். எழுந்த சில நிமிடங்களிலேயே, கூண்டைத் திசைதிருப்புவதற்கென வைத்திருந்த இழுவைக் கயிறுகளின் பெரும்பகுதி கழன்று கடலில் வீழ்ந்தது. பதினேழு நாட்கள்கூட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் கூண்டு பனிமேல் படிந்துவிட்டது. மூவரும் இரண்டு மாதங்களுக்கு மேலாக நகரும் பனிப்பரப்பில் நடந்து, வெண்தீவு எனப் பெயர்பெற்ற தனித்த தீவொன்றை அடைந்து, அங்கேயே மாண்டனர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1930இல், அவர்களுடைய எச்சங்களும் நாட்குறிப்புகளும் படச்சுருள்களும் கிடைத்தன.

அம்மூவர் அஞ்சாநெஞ்சினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அஞ்சாமை ஒரு தையல் துளையைக்கூட அடைக்காது. எக்ஹோமை அவர் காலத்துச் செய்தித்தாள்கள் சில கோழை எனவும் குறிப்பாற் சுட்டின. துணிந்து சென்றவர் பெயருக்குச் சிலைகள் எழுந்தன; துணிந்து மறுத்தவரை உலகம் மறந்தது. நம் பார்வையில் இருவர்தம் துணிவையும் ஒருசேர எண்ணிப் பார்க்கவேண்டும்.

எண்ணெய்த் தகரமும் கிடங்கும்

தென்துருவத்துக்கும் இதே கதை உண்டு. 1911ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் நார்வே நாட்டு அமுண்சன் அங்கே முதலில் சென்று சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து, 1912 சனவரி 17ஆம் நாள், ஆங்கிலேயரான ஸ்காட் நால்வரோடு சென்றடைந்தார். அமுண்சன் குழுவினர் அனைவரும் திரும்பினர். ஸ்காட் குழுவினர் ஐவரும் திரும்பும் வழியில் மாண்டனர். இதற்குப் பல காரணங்கள் கூறப்படும். கடுங்குளிர் ஒன்று, ஊட்டக் குறைவு ஒன்று. நாம் இங்கே கருதுவன இரண்டே.

முதலாவது எண்ணெய். பனிவெளியில் எண்ணெய் இல்லையேல் அடுப்பில்லை. அடுப்பில்லையேல் குடிக்கத் தண்ணீரும் இல்லை. ஸ்காட் வழியில் வைத்துச் சென்ற எண்ணெய்த் தகரங்களின் மூடிகளில் தோல் வளையங்கள் இருந்தன. குளிரில் அவை சுருங்க, எண்ணெய் சிறிது சிறிதாக வெளியேறிவிட்டது. திரும்பி வந்தோர் தகரங்களில் எதிர்பார்த்த அளவைக் காணவில்லை. இக்குறை துருவப் பயணிகளுக்கு முன்னரே தெரிந்தது. அதனை அறிந்த அமுண்சன் தம் தகரங்களை ஈயப்பற்று வைத்து மூடச் செய்தார். வேறுபாடு ஒரு சிறு வளையம், விளைவோ உயிர்.

இரண்டாவது கிடங்கு. துருவப் பயணத்துக்கு முந்திய பருவத்தில் வழியில் உணவுக் கிடங்குகளை அமைப்பது வழக்கம். ஸ்காட் தம் பெருங்கிடங்கைத் தெற்கு 80ஆம் பாகையில் அமைக்கக் கருதினார். சுமை இழுத்த குதிரைகள் தளர்ந்தன. குழுவிலிருந்த ஓட்ஸ் என்னும் படையதிகாரி, குதிரைகளை இழந்தாலும் குறித்த இடம்வரை செல்வதே முறை என எடுத்துரைத்தார். குதிரைகள்மீது இரக்கம் கொண்ட ஸ்காட் அதற்கு இசையாமல், 50 கிலோமீட்டருக்கும் மேல் இப்பாலேயே கிடங்கை அமைத்தார். இம்முடிவுக்காகப் பின்னர் வருந்த நேரும் என ஓட்ஸ் அப்போதே அவரிடம் கூறினார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில், அக்கிடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கூடாரத்துக்குள் ஸ்காட்டும் இறுதித் துணைவர் இருவரும் உயிர்நீத்தனர். ஓட்ஸ் அதற்கு முன்னரே மாண்டிருந்தார். கருதிய இடத்தில் கிடங்கு இருந்திருப்பின் அவர்கள் அதனைக் கடந்தே வந்திருப்பர். இரக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆனால் அன்று குதிரைகளுக்குக் காட்டிய இரக்கத்துக்கு மாந்தர் பின்னர் விலை கொடுத்தனர்.

வென்றவரும் இவ்வகையில் குறையற்றவர் அல்லர். அமுண்சன் 1911 செப்டம்பரில் பருவம் வருமுன்னரே புறப்பட்டுக் கடுங்குளிரால் பின்வாங்க நேர்ந்தது. அதற்காக அவரை எதிர்த்துப் பேசிய யோஹான்சன் என்னும் முதுபெரும் பயணியை, அவர் துருவக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். எனினும் அடுத்த மாதம் வரை காத்திருந்து, பருவம் அறிந்து மீண்டும் புறப்பட்டார். இடித்துரைத்தவரைப் பொறுக்கவில்லை, இடித்துரையிலிருந்த உண்மையை ஏற்றுக்கொண்டார். அதுவே அவரைக் காத்தது.

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செயலின் இலாப நட்டம், தன் வலிமை, பருவம், இடம் என ஒரு துருவப் பயணத் திட்டத்தின் நான்கு தலைப்புகளாகவே அவற்றைக் கொள்ளலாம். அவற்றுக்கும் முன்னதாக, பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், பிழை கண்டால் கடிந்து சொல்வாரைத் துணையாகக் கொள்ளாதவன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்னும் கருத்தை வள்ளுவர் வைத்துள்ளார். ஆந்திரேயின் கூண்டுக்கும் பகைவர் எவரும் இலர்.

நம் நாட்டார் கற்ற பாடம்

இனி நம் நாட்டின் முயற்சியை நோக்குவோம். 1981ஆம் ஆண்டு சூலையில் இந்திய அரசு கடல் மேம்பாட்டுத் துறையைத் தோற்றுவித்தது. அவ்வாண்டே திசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து 21 பேர் கொண்ட முதற்குழு, நார்வே நாட்டிலிருந்து வாடகைக்கு அமர்த்திய ‘போலார் சர்க்கிள்’ என்னும் கப்பலில் புறப்பட்டது. 1982 சனவரி 9ஆம் நாள் உறைபனிக் கண்டத்தில் கால் பதித்தது. குழுவின் தலைவர் டாக்டர் சையத் சகூர் காசிம். அலகாபாத்தில் பிறந்து, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்று, கடலறிவியலில் புகழ்பெற்று, பின்னாளில் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் விளங்கிய பெருமகனார் அவர். 2015இல் மறைந்தார். அவர் பெயரை நம் கல்லூரி மாணவருள் எத்தனை பேர் அறிவர்? திரைப்பட நடிகர் பெயரை அறிந்த அளவுக்கேனும் அறிந்திருக்க வேண்டாவா?

1983–84இல் சென்ற மூன்றாம் குழு ‘தட்சிண கங்கோத்ரி’ என்னும் முதல் நிலையத்தை எழுப்பியது. அக்குழுவில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்னும் பெண் அறிஞர் இருவரும் இருந்தனர். அந்நிலையம் கடலில் மிதக்கும் பனித்தட்டின்மேல் அமைந்தது. ஆண்டுதோறும் பனி பொழிந்து மூட, நிலையம் மெல்ல மெல்லப் புதைந்தது. 1990ஆம் ஆண்டளவில் அதனைக் கைவிட நேர்ந்தது. நம் அறிஞர்கள் அக்குறையை மறைக்கவில்லை, கற்றுக்கொண்டனர். அடுத்த நிலையமாகிய ‘மைத்ரி’யை ஷிர்மாக்கர் பகுதியில், நன்னீர் ஏரி ஒன்றன் கரையில், திண்ணிய பாறைமேல் கட்டினர். மூன்றாவதாகிய பாரதியைப் பாறைமேல் தூண்கள் நாட்டி உயர்த்தினர். கீழே காற்று புகுந்து ஓடுவதால் பனி குவிவதில்லை. 134 சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு அதன் உடலை ஆக்கியுள்ளனர். ஒரு நிலையத்தின் குறை அடுத்த நிலையத்தின் அடித்தளமாயிற்று.

இன்று இப்பயணங்களைக் கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் திட்டமிடுகின்றது. செல்வோர் முதலில் கடுமையான மருத்துவச் சோதனைக்கு உட்படுகின்றனர். பின்னர் இமயத்தின் அவுலி என்னும் இடத்தில் பனியில் நடக்கவும் தங்கவும் பழகுகின்றனர். ஓராண்டுக்கு வேண்டிய உணவும் எரிபொருளும் மருந்தும் கோடைப் பருவத்துக்குள் சென்று சேர்ந்துவிட வேண்டும். மார்ச்சுத் திங்களுக்குப் பின் கடல் உறைந்துவிடும். மறந்துவிட்ட திருகாணி ஒன்றுக்காகக் கப்பல் மீண்டும் வாராது. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கையின்படி, கொண்டுசென்ற பொருளின் கழிவையும் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். போவதற்கு மட்டுமன்று, விட்டுவராமைக்கும் திட்டம் வேண்டும் என்பது எத்துணை உயர்ந்த நெறி!

இவ்வளவு பாடுபட்டு ஆங்கே செல்வதன் பயன் யாது? 1957 தொடங்கி ஆங்கிலேயரின் ஹாலி நிலையத்தில் ஆண்டுதோறும் ஓசோன் அளவைச் சலியாமல் குறித்து வந்தனர். அக்குறிப்புகளே 1985இல் ஓசோன் படலத்தின் தேய்வை உலகுக்கு உணர்த்தின; 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு வழிவகுத்தன. அண்டார்க்டிகாவின் பனி முழுதும் உருகுமாயின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும் எனக் கணக்கிட்டுள்ளனர். முழுதும் உருகுதல் நம் காலத்தில் நிகழ்வதன்று. அதில் மிகச் சிறு பகுதி உருகினும் நாகப்பட்டினத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் அது வெறுஞ்செய்தியாக இராது. எனவே குமரிக்குத் தெற்கே நிகழ்வது குமரிக்கு வடக்கே வாழும் நமக்கும் உரிய செய்தியே.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். நம் கீழைமலைத் தொடரின் பாறைகளும் கிழக்கு அண்டார்க்டிகாவின் பாறைகளும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை என நிலவியலார் நிறுவியுள்ளனர். இதனைக் கடல்கொண்ட குமரிநாட்டோடு இணைத்து மேடையில் முழங்குவோர் உண்டு. அப்பிரிவு நிகழ்ந்தது மாந்த இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னர். தமிழின் பெருமைக்கு இத்தகைய பொய்த்தூண்கள் வேண்டா. தமிழாசிரியராகிய நாமே இக்குறையைச் சுட்டாவிடின் வேறு யார் சுட்டுவர்?

சேவூர்த் தெருவில்

சேவூரும் ஆரணியும் பட்டால் வாழும் ஊர்கள். சேலையின் விலையைப் பேசும் வணிகர் பலர். அது உருவாகும் முறையை எண்ணுவார் சிலரே. தறியில் நாடா ஓடும் ஓசை எல்லார் செவியிலும் விழும். ஆனால் நெசவின் பெரும்பகுதி நாடா ஓடுமுன் முடிந்துவிடுகின்றது. பட்டை முறுக்கேற்றி, பசை நீக்கிச் சாயம் தோய்த்து, ராட்டையில் சுற்றி, பாவு போட்டு, வெயில் ஏறுமுன் தெருவில் நீட்டிக் கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்து, பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழையை முறுக்கிச் சேர்த்த பின்னரே நெய்வோர் தறியில் அமர்கின்றனர். ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று விடுபட்டாலும் சேலையின் நீளம் முழுவதும் அக்குறை கோடாக ஓடும். நெய்தபின் அதனை மறைக்க எந்தச் சரிகையாலும் இயலாது.

தெருவில் நீட்டிய பாவின் அருகே நிற்போர் எல்லாரும் குறை தேடுவோரே. அறுந்த இழையைக் காண்பவர் சிறுவராயினும் முதியவராயினும் உடனே குரல் கொடுப்பர். ஏன் சொன்னாய் என எந்த நெசவாளரும் சினந்ததில்லை. காணாமல் விட்டதற்கே சினப்பர். ஆந்திரேயின் பட்டுக் கூண்டைச் செய்தோரிடமும் ஓட்டியோரிடமும் இப்பண்பு ஒன்று குறைந்தது. பாவுத் தெருவில் நாள்தோறும் காணும் இப்பண்பை நம் இல்லங்களுக்குள்ளும் அமைப்புகளுக்குள்ளும் நாம் கொண்டுவந்துள்ளோமா என்பதே நம்முன் உள்ள வினா.

நேர்மையாக விடை கூறின், இல்லை. திருமணச் செலவு அளவு மீறுகின்றது எனச் சொல்லும் இளைஞனைப் பெரியோர் சபையில் அடக்கிவிடுகின்றோம். அயல்நாட்டு வேலைக்குப் பணம் வாங்கும் இடையாளரின் தாளில் ஐயம் எழுப்பும் மகளை, உனக்கென்ன தெரியும் என்கிறோம். கணக்கைக் கேட்போரைப் பகைவராகக் கருதுகின்றோம். மரியாதைக்கும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டோம். எக்ஹோம் தம் தலைவரை இகழவில்லை. அளந்தார், அளந்ததைச் சொன்னார். பெரியோர்க்கு இளையோர் செய்யக்கூடிய உயர்ந்த மரியாதை அதுவே அன்றோ?

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

அன்பு மாணவ மணிகளே! துருவம் என்பது பிறருக்கு உரியது, நமக்கு எட்டாதது எனக் கருதற்க. உறைபனிக் கண்டத்தின் நிலையங்களில் அறிவியலார் மட்டும் வாழவில்லை. மருத்துவர், சமையற்காரர், மின்பணியாளர், வண்டி பழுதுபார்ப்போர், தச்சர், செய்தித் தொடர்பாளர் எனப் பலரும் சேர்ந்தே அங்கே ஓராண்டைக் கழிக்கின்றனர். எத்தொழிலையும் குறையறக் கற்றவருக்கு அங்கே இடமுண்டு. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மங்களா மணி என்னும் அம்மையார், 56ஆம் அகவையில், 2016–17இல் பாரதி நிலையத்தில் 403 நாட்கள் தங்கிப் பணியாற்றினார். இருபத்து மூவர் கொண்ட அக்குழுவில் அவர் ஒருவரே பெண். பெண்ணுக்கு எதற்கு இத்தனை தொலைவு எனத் தயங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

வேறு வகையான துருவப் பயணமும் இன்று பெருகிவருகின்றது. செல்வர்கள் இன்பச் சுற்றுலாவாகக் கப்பலேறி அண்டார்க்டிகாவைக் கண்டு திரும்புகின்றனர். அண்மை ஆண்டுகளில் ஒரே பருவத்தில் அவர்கள் எண்ணிக்கை 1,00,000ஐக் கடந்துள்ளது. இறைவன் படைப்பைக் கண்டு வியத்தல் தவறன்று. ஆனால் படம் எடுத்துக்கொள்வதற்காக மட்டும் அத்துணைத் தொலைவு எரிபொருளை எரித்துச் செல்வதை நாம் பாராட்டுவதற்கில்லை. ஓசோன் அளவைக் குறித்து வந்தவர்கள் உலகுக்கே ஓர் எச்சரிக்கையைக் கொண்டுவந்தனர். சென்றவர் மீளும்போது பிறர்க்குப் பயன்படும் ஒன்றைக் கொண்டுவருதலே பயணத்துக்குத் தகுதி.

சமுதாயப் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. நம் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்ப அஞ்சற்க. அனுப்புமுன் அவர்களோடு அமர்ந்து திட்டமிடுக. அவர்கள் கல்விக்கும் தொழிலுக்கும் வகுக்கும் திட்டத்தில் நீங்கள் காணும் துளையைச் சொல்லுக. உங்கள் திட்டத்தில் அவர்கள் காணும் துளையைச் சொல்லவும் இடம் கொடுக்க. கல்லூரி வகுப்பறையிலும் அவ்வாறே. ஆசிரியர் கூற்றில் பிழை கண்ட மாணவன் எழுந்து நின்று பணிவோடு அதனைச் சொல்வானாயின், அந்த வகுப்பு அன்று நன்கு நடந்தது என நாம் மகிழ்வோம்.

கசியும் தையலைக் கண்டு சொன்னவரைக் கோழை என்ற உலகம், அவர் சொல் மெய்யானதைக் கண்டபோது மூவரை இழந்திருந்தது. நம் இல்லங்களில், நம் ஜமாஅத்துகளில், நம் கல்வி நிலையங்களில் அத்தகைய இழப்பு நேராதிருக்க வேண்டும். தெருவில் நீட்டிய பாவின் அருகே நிற்பவர்போல் நாம் அனைவரும் விழிப்போடு நிற்போம். குறை கண்டவர் கூறுக. கேட்பவர் பொறுத்துக் கேட்க. அதன்பின் எவ்வளவு தொலைவாயினும் நம் மக்கள் சென்று, நலமே மீண்டு வருவர்.